படத்தில் நேராக நின்ற கால்

என் தங்கை புருஷனுக்கு நேர்கோடு என்று பெயர் வைத்தவன் நான்தான். கல்யாணமான புதிதில் என் சாவிக் கடைக்கு வந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு, சுவரில் தொங்கிய சாவிகளையெல்லாம் கழற்றி உயர வரிசைப்படி மாட்டிவிட்டுப் போனார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க வந்தவர்களிடம் திட்டு வாங்கியவன் நான். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது, அது ஒரு நோய். கோணலாக எதையாவது பார்த்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. ஒரு தடவை பேருந்தில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஆளின் காலரை மடித்துவிட்டு அறை வாங்க இருந்தார். அந்த ஆள் திரும்பி முறைத்தபோது, "இப்ப நல்லா இருக்கு" என்று சிரித்தாராம்.

ஆரம்பத்தில் துணிக்கடை ஒன்றில் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டுகிற வேலையில் இருந்தார். பொம்மைக்குச் சட்டை பெரிதாக இருந்தால் முதுகுப் பக்கம் குண்டூசி குத்தி, முன்னால் இருந்து பார்க்கிறவர்களுக்குக் கச்சிதமாகக் காட்டுவார். அந்தக் கடை மூடியதும் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் நாய் குளிப்பாட்டுகிற வேலைக்குப் போனார். அங்கே கத்திரி பிடிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு என் கடையை ஒட்டி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், நாய்களுக்கு முடி வெட்டுகிற கடை போட்டார். என் மெஷின் சாவி அறுக்கிற சத்தம் அங்கே கேட்கும். அங்கே நாய் குரைக்கிற சத்தம் இங்கே கேட்கும். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

சும்மா சொல்லக் கூடாது, கைகாரர். நாய்க்கு முடி வெட்டுவது என்றால் இருக்கிற முடியைக் குறைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் சிரிப்பார். "குறைக்கிறது யாரு வேணா பண்ணலாம் மச்சான். எங்கே விடணும்னு தெரியணும்" என்பார். முதுகு குழிந்த நாய்க்குக் குழியில் முடியை விட்டு மற்ற இடத்தில் குறைத்துவிடுவார். முதுகு பலகை மாதிரி வந்துவிடும். கால் வளைந்த நாய்க்கு வளைவின் உள்ளே முடியைச் சேர்த்து வைத்து, புடைத்த பக்கத்தை ஒட்ட வெட்டுவார். பார்க்கிறவர்களுக்குத் தூண் மாதிரி நிற்கும். குட்டி விற்கிறவர்கள், வாங்குகிற ஆள் வருவதற்கு முன்னால் இவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நான் அதற்குப் பச்சைப் பொய் என்று பெயர் சொன்னேன். அவர் அதற்கு ஃபினிஷிங் என்று பெயர் வைத்திருந்தார்.

என் தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். நரம்பைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிப்பாள், ஒரு குத்தில் முடித்துவிடுவாள். ஆனால் யார் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறார்கள். அவள் எங்கள் தெருவில் நடந்து வந்தாலே சின்னப் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். பெரியவர்கள் கூட வணக்கம் சொல்லிவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்களே பேசுவதில்லை, நான் எதற்குப் பேச வேண்டும்.

ஒரு நாள் அவளாகவே கேட்டாள். "என்னைப் பார்த்தா வாலாட்டற மாதிரி வீட்ல ஒண்ணாவது இருக்கட்டுங்க. நாள் முழுக்க என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறவங்களையே பார்த்துட்டு வர்றேன்."

மாப்பிள்ளை பூடில் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பூடிலிலேயே மிகச் சிறிய வகை. சுருட்டை முடி, உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, கோட்டில் தைத்த பட்டன் மாதிரி மூக்கு. பட்டன் என்றே பெயரும் ஆயிற்று. என் தங்கை அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். வேலைக்குப் போகும்போது கடையில் விட்டுப் போவாள், திரும்பி வரும்போது என் கடையைத் தாண்டுவதற்குள்ளேயே "பட்டன்" என்று கூப்பிடுவாள். அந்தக் குரல் காதில் விழுந்த உடனே அதற்கு உடம்பே ஆடும், வால் மட்டுமில்லை.

அப்புறம்தான் அது விழுந்தது. நான் பார்த்தேன், அதனால் உள்ளபடியே சொல்கிறேன். ஒரு கையில் பட்டனையும் இன்னொரு கையில் பையையும் வைத்துக்கொண்டு என் தங்கை கடைக் கதவைத் தோளால் தள்ளினாள். உள்ளே மாப்பிள்ளை குரல் கேட்டதும் குட்டி துள்ளியது. கையிலிருந்து நழுவி, சிமெண்ட் தரையில் முன்னங்கால் மடங்க விழுந்தது. நமக்கு அது இடுப்பு உயரம். அதற்கு மாடியிலிருந்து விழுந்த மாதிரி. வீல் என்று கத்தியது. என் தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

ஆஸ்பத்திரி நகரத்தின் மறுகோடியில். கண்டிப்பான பெண் டாக்டர், சிரிக்கவே மாட்டார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கமாகவே சொன்னார். "உடையலை. ஆனா முன்னங்கையில ரெண்டு எலும்பு சேர்ந்து வளரும். அதுல மெல்லிசான எலும்போட நுனியில, வளர்ற இடத்துல அடி பட்டிருக்கு. அது வளர்றதை நிறுத்திட்டா, இன்னொண்ணு மட்டும் வளரும். அப்ப இது அதை இழுத்துப் பிடிக்கும். கால் வளையும், பாதம் வெளிப்பக்கமா திரும்பும், மூட்டு விலக ஆரம்பிக்கும்."

"இப்பவே ஏதாவது பண்ண முடியாதா?" என்று என் தங்கை கேட்டாள்.

"இப்ப நிச்சயமா சொல்ல முடியாது. தானா சரியானாலும் ஆகலாம். வளையற மாதிரி தெரிஞ்சா உடனே கொண்டு வாங்க. அந்தச் சின்ன எலும்புல ஒரு துண்டை எடுத்துட்டா, இழுப்பு விட்டுடும். மிச்ச வளர்ச்சியில கால் தானே நேராயிடும். சின்ன ஆபரேஷன்தான். ஆனா வளர்ந்துட்டு இருக்கும்போதே பண்ணணும். இந்த மாதிரி சின்ன நாய்ங்க சீக்கிரம் வளர்ந்து முடிச்சிடும். அதுக்கப்புறம் வந்தா என்கிட்ட ஒண்ணும் இல்லை."

இவ்வளவு தூரம் அடிக்கடி வர முடியாது என்று சொன்னதால், வாராவாரம் சமதரையில் நிற்க வைத்து முன்னாலிருந்து போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். இடையில் ஒருமுறை கொண்டுவந்தால் திரும்பவும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவ்வளவுதான். அந்தக் கால் நேராக வளர வேண்டும், அல்லது வளைய ஆரம்பிப்பதை நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். என் தங்கைக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கியதெல்லாம் அந்த ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான்.

ஞாயிறு காலை படம் எடுக்கிற நேரம். கடை மேஜையில் ரப்பர் விரிப்புப் போட்டு பட்டனை நிறுத்துவார்கள். மாப்பிள்ளை பிடித்தால்தான் அது ஆடாமல் நிற்கும், கை அப்படி. என் தங்கை போனை எடுத்துக் குனிவாள்.

"இரு இரு, ஒரு நிமிஷம்" என்பார் மாப்பிள்ளை.

கத்திரி இரண்டு தரம் பேசும். சீப்பு ஒரு தரம் இறங்கும். "ம், இப்ப எடு."

தன் கடை மேஜையிலிருந்து பிசிறு தட்டிய நாயின் படம் ஒன்று வெளியே போவதை அவரால் தாங்க முடியாது. அதுவும் ஒரு டாக்டருக்கு, அந்த டாக்டர் பத்து பேரிடம் காட்டினால் என்ன ஆவது. முதல் வாரம் ஒரு பிசிறு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கால் உள்ளே எந்தப் பக்கம் போயிற்றோ, முடி அதற்கு எதிர்ப் பக்கம் சேர்ந்தது. நான் கூட அந்த நேரங்களில் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றிருக்கிறேன். எனக்கும் கால் நேராகத்தான் தெரிந்தது. நேராகத் தெரிய வைப்பதுதானே அவர் தொழில்.

டாக்டரிடமிருந்து பதில் வரும்: நன்றாக இருக்கிறது, தொடர்ந்து பாருங்கள். அதைப் படித்ததும் என் தங்கை என் கடை வாசலுக்கு ஓடி வந்து போனை நீட்டுவாள். "பாருண்ணா, பாரு."

மாப்பிள்ளை அவளை அந்த அளவுக்குக் கூட நிம்மதியாக விடவில்லை. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் நாயோடு வந்தாலும் பட்டனைக் காட்டுவார். "இதை என் வீட்டுக்காரி கீழ போட்டுட்டா. காலே போயிருக்க வேண்டியது. நான்தான் தினம் நீவிவிட்டு நேராக்கிட்டு வர்றேன்" என்பார். அவள் அங்கேயே நிற்பாள். வந்தவர்கள் அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகவே, "ஊசி போடற கைதானே, இரக்கம் எங்கேருந்து வரும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. தங்கை குடும்பம், வாயை மூடிக்கொண்டேன்.

பட்டன் நொண்ட ஆரம்பித்தது. தூக்கப் போனால் முனகும். படிக்கட்டைப் பார்த்தால் உட்கார்ந்துவிடும். என் தங்கை பதறிப் போய், சொன்னபடி இன்னொரு எக்ஸ்ரேக்குப் போகலாம் என்றாள்.

"எதுக்கு? படம் நல்லா இருக்குன்னு அந்தம்மாவே சொல்லுது. எக்ஸ்ரேக்கு மயக்க ஊசி போடணும். இத்தனூண்டு உடம்பு தாங்குமா? உனக்கு ஊசின்னா அவ்வளவு ஆசையா?"

"நொண்டுதுங்க."

"நடிக்குது. நீ தூக்கித் தூக்கிக் கெடுத்து வெச்சிருக்கே. நாலு அடி வெச்சா உன் முகத்தைப் பார்க்குது பாரு. நடக்க விடு. நடக்க நடக்கத்தான் உறுதியாகும்."

அவளுக்கும் நம்ப ஒரு காரணம் இருந்தது. அவள் வேலை பார்க்கிற இடத்தில் வலிக்குது வலிக்குது என்று சொல்கிறவர்கள் நிறைய வருவார்கள். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தால் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். இங்கே ரிப்போர்ட் வாராவாரம் வந்தது. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. அதனால் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் எங்கள் இரண்டு கடைக்கும் முன்னால் இருந்த நீண்ட நடைபாதையில் பட்டனை நடக்க வைத்தாள். அது உட்காரும். வாரை இழுப்பாள். எழுந்து இரண்டடி வைத்து, திரும்பி அவளைப் பார்த்து முனகும். "நடடா கண்ணு, நடந்தாத்தான் சரியாகும்" என்பாள். அழுதுகொண்டே இழுப்பாள். விலகிக்கொண்டிருக்கிற மூட்டின் மேல் அந்தக் குட்டி அவளுக்காக நடந்தது. அவள் கூப்பிட்டாள் என்பதற்காக, வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது.

முடி வெட்டுகிறவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள், வேறு ஊரில். மாப்பிள்ளை கத்திரிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினார். கடை பூட்டிக் கிடந்ததால் பட்டன் என்னிடம் இருந்தது. கொஞ்சம் கண்ணெடுத்த நேரத்தில், என் மெஷினுக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தட்டில் போய்ப் படுத்துக்கொண்டுவிட்டது. கறுப்பு எண்ணெய், இரும்புத்தூள், எல்லாம் சேர்ந்து அப்பிக் கிடந்தது. நக்கினால் வயிற்றுக்கு ஆகாதே என்று தங்கைக்குப் போன் பண்ணினேன். அவள் வந்து என் கடைக்குப் பின்னால் இருக்கிற தொட்டியிலேயே குழாயைத் திறந்து குளிப்பாட்டினாள். அதுவரை அவள் அதைக் குளிப்பாட்டியதே இல்லை. அது மாப்பிள்ளையின் வேலை, வேறு யார் கை வைத்தாலும் அவருக்குப் பிடிக்காது.

சோப்பு போட்டு அலசினாள். முடி உடம்போடு ஒட்டியது. தண்ணீரை நிறுத்தினாள்.

"அண்ணா, இங்கே வா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

போய்ப் பார்த்தேன். ஒரு முன்னங்கால் குச்சியாக நேராக இருந்தது. இன்னொன்று வளைந்து, மணிக்கட்டு உள்பக்கம் சாய்ந்து, பாதம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. முழங்கை உடம்பை விட்டுத் தள்ளிப் புடைத்திருந்தது. சின்னப் பிள்ளை கூடப் பார்த்துச் சொல்லிவிடும். என் தங்கை, தினமும் ஊரார் கைகளைப் பிடித்துப் பார்க்கிறவள், அந்தக் காலை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். பட்டன் கத்தியது. அவள் போனை எடுத்து, போன ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் திறந்து, ஈரக்காலுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே கடையைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் காலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மயக்க ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"வளர்ச்சி முடிஞ்சிடுச்சு" என்றார்.

"அந்தச் சின்ன ஆபரேஷன்..." என்று என் தங்கை ஆரம்பித்தாள்.

"அதுக்கு நேரம் போயிடுச்சும்மா. இனிமே பண்றதுன்னா ரெண்டு எலும்பையும் வெட்டித் திருப்பி, தகடு வெச்சு முடுக்கணும். எலும்பு தீக்குச்சி தடிமன்தான் இருக்கு, உடைஞ்சா கதை வேற. அப்படியே பண்ணினாலும் முழங்கை ஏற்கெனவே விலகிடுச்சு. தேய்மானம் ஆரம்பிச்சிடுச்சு. வலி போகாது." பிறகு டாக்டருக்கும் கோபம் வந்தது. "படத்துல நேரா இருந்ததே? நீங்க அனுப்பின படத்துல நேராத்தானே இருந்தது? இவ்வளவு வளைவு ஒரு வாரத்துல வராது."

"நடக்க வெச்சா என்ன ஆகும் டாக்டர்? தினமும் நடக்க வெச்சா?" என்று என் தங்கை கேட்டாள்.

"நடக்க வெச்சீங்களா?" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை மறுநாள் சாயங்காலம் வந்தார். மூன்றாவது இடம். நடுவராக வந்த ஆளுக்குக் கண்ணே கிடையாது என்று என் கடை வாசலிலேயே திட்ட ஆரம்பித்தார். நான் கையைப் பிடித்து அவர் கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போனேன். மேஜையில் என் தங்கை பட்டனை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வாளியில் தண்ணீர். அவர் பார்க்கப் பார்க்க, குவளையால் மொண்டு அந்தக் காலில் ஊற்றினாள்.

மாப்பிள்ளை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதிர்ச்சியாகவும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பகீர் என்றது.

"வாராவாரம் குளிப்பாட்டினீங்களே, மாப்ளே. அப்ப தெரியலையா?" என்றேன்.

"நனைஞ்ச நாய் எல்லாமே கோணலாத்தான் தெரியும் மச்சான்" என்றார். "தொழில்ல நனைஞ்ச நாயைப் பார்த்து எதையும் முடிவு பண்ண மாட்டோம். காய வெச்சு, சீவி, வெட்டி முடிச்சப்புறம்தான் பார்க்கணும். வெட்டினப்புறம் நேராத்தானே இருந்தது? ஒவ்வொரு வாரமும் நேராத்தானே இருந்தது?"

கொஞ்ச நேரம் எனக்கு அவர் பொய் சொல்கிறார் என்றுதான் பட்டது. ஆனால் அவர் அழுதுகொண்டே கேட்டார், என்னிடம் உண்மையாகவே பதில் எதிர்பார்த்தார். அந்த மனுஷன் தன் கத்திரி காட்டியதைத் தானே நம்பியிருக்கிறார். ஊரை ஏமாற்றுகிறவனை மன்னித்துவிடலாம் போலிருக்கிறது, தன்னையே ஏமாற்றிக்கொண்டு அதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறவனை என்ன செய்வது. அடிக்கக் கூட மனசு வரவில்லை.

என் தங்கை அடிக்கவில்லை, அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த முடி எடுக்கிற மெஷினை எடுத்து பிளக்கில் செருகினாள். "பிடிங்க" என்றாள். அவர் பிடித்தார். காது, கழுத்து, முதுகு, நாலு கால், எதையும் விடாமல் தோல் தெரிய மழித்தாள். கறிக்கடையில் தொங்குவது மாதிரி ஆகிவிட்டது குட்டி. இளஞ்சிவப்புத் தோலும் நடுங்குகிற உடம்பும் வளைந்த காலும். அவர் வாய்விட்டு ஒரு சத்தம் போட்டார், அவருடைய தோலை யாரோ உரித்த மாதிரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தரை முழுக்க வழுக்காத விரிப்பு. கட்டிலுக்கும் சோபாவுக்கும் சரிவாகப் பலகை வைத்திருக்கிறாள். பட்டன் உடம்பு போடக் கூடாது, போட்டால் மூட்டுக்குப் பாரம். சாப்பாட்டை எடை போட்டுத்தான் வைக்கிறாள். அது தட்டைக் காலி செய்துவிட்டு அவளைப் பார்க்கும். இன்னும் என்று கேட்கும். அவள் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிடுவாள். தூக்கினால் நெஞ்சுக்குக் கீழே ஒரு கை, பின்புறம் ஒரு கை. மாத்திரையை உடைத்துத் தருகிறாள். குளிர் காலங்களில் அந்தக் கால் தரையில் ஊன்றாமல் மடிந்தே இருக்கும். முடி இல்லாததால் சட்டை தைத்துப் போட்டிருக்கிறாள், அந்த வளைந்த காலை மட்டும் மூடாமல்.

ஆனால் முடி வளர விடுவதில்லை. கொஞ்சம் வளர்ந்து கால் மறைய ஆரம்பித்ததும் கடைக்குக் கொண்டுவந்துவிடுவாள். அதுவும் கூட்டமாக இருக்கிற விடுமுறை நாள் பார்த்து, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்து மேஜையில். அவள் மெஷினைப் பிடிப்பாள், அவர் நாயைப் பிடிப்பார். அவருக்கு முன்னால் பத்துப் பேர் தங்கள் நாய்களை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன தடவை ஒரு பெண் வந்திருந்தாள், புதிதாகக் குட்டி வாங்கியவள். பட்டன் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "ஐயோ பாவம், என்ன ஆச்சு இதுக்கு?"

"அவரைக் கேளுங்க" என்றாள் என் தங்கை.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். "கீழ விழுந்துடுச்சு."

"விழுந்தது நான் போட்டதால. அது விழுந்த கதை. கால் இப்படி ஆனது எதனாலன்னு கேக்கறாங்க."

"என்னாலதான்" என்றார்.

"அவங்களுக்குக் கேக்கலை."

"என்னாலதான். நான் முடியை வெட்டி மறைச்சேன்."

"கடைசியில உக்காந்திருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

அவர் உரக்கச் சொன்னார். தனக்குப் பிடித்த குரல் பெரிதாகக் கேட்டதும் பட்டன் வாலை ஆட்டியது. அந்தப் பெண் தன் குட்டியை அணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இன்னும் இரண்டு பேரும் எழுந்தார்கள். என் தங்கை மெஷினை நிறுத்தவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் உள்ளே போனேன். கூடப் பிறந்தவள்தான், ஆனால் அவளிடம் பேச எனக்குப் பயமாகவே இருந்தது. "போதும்மா. மனுஷன் பாதியா இளைச்சுப் போயிட்டார். தப்பை ஒத்துக்கிட்டார். இனிமேலும் என்ன வேணும் உனக்கு? விட்டுடு" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"இதுக்கு இன்னும் வலிக்குதுண்ணா. காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது தினமும் கத்துது. நான் அதை வாரைப் பிடிச்சு இழுத்து நடக்க வெச்சேன், அழுதுட்டே வந்தது. அதுகிட்ட போய் போதும்னு சொல்லு. அது சரின்னு சொன்னா நானும் விட்டுடறேன்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க போங்க மச்சான், வேலை முடியலை" என்றார்.

இன்னொரு காலில் முடி பாக்கி இருந்தது. என் தங்கை மெஷினைத் திரும்பப் போட்டாள். "பிடிங்க" என்றாள். அவர் ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் அந்த விலகிய முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அவர் பிடித்தால்தான் அது அசையாமல் நிற்கும்.